மூன்றாவது வண்டி

எனக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நாமக்கல்லுக்கு வெளியே இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியின் வாசலில், சிவப்புக் குளிர் உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நான் பனியில் நிற்கிற படம், என்னைப்போல மூன்று மடங்கு உயரத்தில். கீழே ‘தென்துருவம் வென்ற நம்ம ஊர்த் தங்கம்’ என்று எழுதியிருந்தார்கள். வென்றதாவது, மண்ணாங்கட்டியாவது. தென்துருவம் நான் இருந்த இடத்திலிருந்து எங்கேயோ கிடக்கிறது. அண்டார்டிகாவின் ஓரத்தில் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினான்கு மாதம் வண்டி மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்குக் கீழே நின்று பொன்னாடை வாங்கிக்கொண்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடக்கத்தினால் கூசியது என்று தலைமையாசிரியர் நினைத்துக்கொண்டு, மைக்கில் அதையும் பாராட்டிவிட்டார். எதற்காகக் கூசியது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இரண்டு முறை எழுத ஆரம்பித்து, இரண்டு முறையும் என்னை நல்லவனாக்கி எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக் வண்டிகளோடு வளர்ந்தவன் நான். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற அந்த வண்டிகளோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று இருபது வருடம் சுற்றியிருக்கிறேன். ரிக் தொழிலில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. பாதிக் குழியில் மெஷின் நின்றுவிடக் கூடாது. எழுநூறு அடி ஆழத்தில் கம்ப்ரசர் நின்றால், மேலிருந்து மண்ணும் சேறும் இறங்கி, பாறையை உடைக்கிற சுத்தியல் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். சுத்தியல் போச்சு, ராடு போச்சு, குழியும் போச்சு. அதனால் என்ன ஆனாலும் எஞ்சினை நிறுத்த மாட்டோம்.

ஆனால் எஞ்சினைச் செய்கிறவன் வேறு மாதிரி யோசிக்கிறான். எண்ணெய் குறைந்தால், சூடு ஏறினால், ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கினால் தானாகவே நின்றுகொள்கிற மாதிரி சென்சார் வைத்து அனுப்புகிறான். எங்கள் ஊர்த் தூசியில் அந்த சென்சார்கள் ஒரு மாதத்தில் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். எனவே புது வண்டி வந்ததும் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அடுத்த வேலையாக பேனலைத் திறந்து சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயரையும் வெட்டி ஒன்றாக முறுக்கிவிடுவோம். அதற்குப் பெயர் ‘டைரக்ட்’ கொடுப்பது. அதன் பிறகு எஞ்சின் எந்த முறையீடும் செய்யாது. நன்றாக டைரக்ட் கொடுக்கத் தெரிந்தவன் எங்கள் ஊரில் நல்ல மெக்கானிக். நான் ரொம்ப நல்ல மெக்கானிக்.

அண்டார்டிகா நிலையத்தின் வண்டிகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியின் விளம்பரத்தை என் மைத்துனன்தான் போனில் காட்டினான். விளையாட்டாகத்தான் எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள். டெல்லியில் பல்லிலிருந்து பாதம் வரை சோதித்தார்கள், இமயமலையில் கொண்டுபோய்க் கயிற்றில் தொங்கவிட்டார்கள், பிறகு போ என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் சொன்னதும் ஆளுக்கொரு கிண்டல். “ஏம் மாப்ள, அங்க போரு போட்டா எத்தனை அடீல தண்ணி வரும்?” என்று கேட்டார் என் பெரிய மாமா. “தண்ணி வருமா, ஐஸ் குச்சியா வருமா?” என்றார் பக்கத்தில் இருந்தவர். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “அங்க போயி பெரிய இவனாட்ட எல்லாத்தையும் உங்க இஷ்டத்துக்குப் பண்ணிப்போடாதீங்க. சொல்ற மாதிரி கேட்டு நடங்க” என்றாள். என்னை அவளுக்குத் தெரியும்.

கேப் டவுனில் கப்பல் ஏறினோம். முதல் ஆறு நாள் நான் மனுஷனாகவே இல்லை. சாப்பிட்டது, சாப்பிடாதது எல்லாம் வெளியே வந்தது. ஏழாவது நாள் எழுந்து மேல்தளத்துக்குப் போனபோது கடலில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் மிதந்தன. அதற்கப்புறம் கப்பல் பனியை உடைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போய், சுவர் மாதிரி நின்ற பனி விளிம்பில் கட்டியது. அங்கே எங்களுக்காக நான்கு வண்டிகள் வந்து நின்றன. டயருக்குப் பதிலாக அகலமான பட்டைச் சங்கிலி போட்ட பனி வண்டிகள். ஒவ்வொன்றும் பின்னால் சறுக்குப் பலகை கட்டி, அதில் டீசல், சாமான், கண்டெய்னர் என்று இழுக்கும். நிலையம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தது.

முதல் வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் போன அணியின் மெக்கானிக். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கோயம்புத்தூரில் பத்து வருடம் லாரி வேலை பார்த்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பதினான்கு மாதம் முடிந்து, பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியவர். நான் அவரைச் சேட்டா என்று கூப்பிட்டேன். சாமான் இறக்கிய மூன்று நாளும் அவரோடுதான் இருந்தேன். “இன்னும் ஒரே ஒரு தடவை வரணும் தம்பி” என்று அவர் சொன்னார். “அடுத்த அணியில என்னைப் பட்டறைப் பொறுப்பாளரா எடுக்கிறதாச் சொல்லியிருக்காங்க. அதோட எனக்கு வயசு வரம்பு தாண்டிரும். ஊர்ல நான் ஒரு ஒர்க்‌ஷாப்புக்காரன், அவ்வளவுதான். இங்க நான் கை வைக்காம ஒரு வண்டி நகராது. அந்த மரியாதையை இன்னொரு தடவை பார்த்துட்டு நிறுத்திக்கணும்.” ஐம்பது வயதுக்காரர் இப்படி ஆசைப்படுவதை வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்புகிற அன்று எனக்கு மூன்றாவது வண்டியைக் கொடுத்தார்கள். கப்பல் சமையலறையில் கெஞ்சி வாங்கிய எலுமிச்சம்பழத்தைச் சங்கிலிக்கு அடியில் வைத்தேன். சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஏதாவது லைட் எரிஞ்சா நின்னுடு. ரேடியோவுல சொல்லு. இங்க நின்னவனை யாரும் திட்ட மாட்டாங்க” என்றார். நானும் சரிங்க என்றேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன் என்பதுகூடச் சரியில்லை. எனக்கா சொல்கிறாய் என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது.

சூரியன் மறையாத காலம் அது. எந்த நேரமும் வெள்ளை வெயில். மூன்று மணி நேரம் போனதும் என் வண்டியில் சிவப்பு லைட் எரிந்து, கூவென்று ஒலித்து, எஞ்சின் தானாக நின்றது. ரேடியேட்டரில் ஊற்றுகிற, உறையாமலிருக்க மருந்து கலந்த தண்ணீர் குறைவு என்று காட்டியது. முன்னால் போன இரண்டு வண்டிகளும் தரையோடு பறக்கும் பனித்தூளில் பாதி மறைந்து போய்க்கொண்டிருந்தன. நாலாவது வண்டி பின்னால் வெகு தூரத்தில் வந்தது. என் வண்டியில் வேறு யாரும் இல்லை. இறங்கி மூடியைத் தூக்கினேன். தண்ணீர் டப்பா மேல் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் முடிந்தது. கையுறையைக் கழற்றச் சோம்பல். கீழே ஒழுகிய தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. சென்சார் போயிருக்கும் என்று என் இருபது வருட அனுபவம் சொன்னது.

அப்போது ரேடியோவில் சேட்டன் குரல். “மூணாம் வண்டி, என்னாச்சு? நின்னுட்ட மாதிரி இருக்கு.”

“ஒண்ணுமில்லீங்க சேட்டா. ஒண்ணுக்குப் போக இறங்கினேன். வாரேன்” என்றேன்.

முதல் நாளே என் வண்டியால் எல்லோரும் நிற்பதா? திருச்செங்கோட்டுக்காரன் வண்டி முதல் நாளே படுத்துக்கொண்டது என்று சிரிக்க மாட்டார்களா? இந்தக் கெரகம் பிடித்த நினைப்புதான் என் மண்டையில் ஓடியது. கட்டிங் பிளேயரை எடுத்தேன். சென்சார் கிளிப்பைக் கழற்றி, ஒயரின் தோலைச் சீவி, இரண்டையும் முறுக்கினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாவி போட்டதும் எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு ஒரு கெத்து. விசிலடித்துக்கொண்டு ஓட்டினேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. அதனால் நம்பிக்கையாக இருந்தேன். தண்ணீரே இல்லாவிட்டால் அந்த முள் ஏறாது, தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும் என்பது சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்ததை நினைக்க விரும்பவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருப்பேன். எண்ணெய் கருகுகிற வாடை வந்தது, உள்ளே ஒரு நறநறப்பு, அப்புறம் ஒரு குலுக்கல். எஞ்சின் உள்ளுக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

இந்த முறை ரேடியோவில் சொல்லித்தான் ஆகவேண்டும். சேட்டன் தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். நான் நடந்து போய் மூடியைத் திறப்பதற்குள் அவரே திறந்து, தலையை உள்ளே விட்டுவிட்டார். நான் முறுக்கிய ஒயர் அவர் கண்ணெதிரே இருந்தது. அவர் நிமிராமலே, “என் வண்டியில தார்ப்பாய் இருக்கு, போய் எடுத்துட்டு வா” என்றார். போய் எடுத்து வந்தேன். திரும்பியபோது அவர் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தை மூடியிருந்த துணிக்குள் என்ன தெரியும்?

காற்று ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது வண்டியும் பின்னாலேயே திரும்பி வந்திருந்தது; அதில் எங்கள் அணித்தலைவர் இருந்தார், வடக்கத்திக்காரர், அதிகம் பேசாத மனிதர். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று உத்தரவு போட்டார். தார்ப்பாய் போர்த்திக் கட்டிவிட்டு, நான் அவர் வண்டியில் சாமானுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எத்தனையோ மாதம் கனவு கண்ட இடம். வாசலில் பழைய அணி நின்று கைதட்டி வரவேற்றது. நான் ஒயரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பனிப்புயல் ஐந்து நாள் அடித்தது. ஆறாம் நாள் போய் வண்டியை இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் ஓடினேன், முறுக்கைப் பிரித்துவிடலாம் என்று. மூடியைத் தூக்கிப் பார்த்தால் முறுக்கே இல்லை. இரண்டு ஒயரும் தனித்தனியே நேராக்கப்பட்டு, தோல் சீவிய இடத்தில் டேப் சுற்றி, கிளிப் சென்சாரில் ஒழுங்காக மாட்டியிருந்தது. அப்படிச் சுற்றுகிற கை அங்கே ஒன்றுதான். தார்ப்பாய் எடுக்க என்னை எதற்கு அனுப்பினார் என்று அப்போது புரிந்தது. ஏன் செய்தார் என்பது புரியவில்லை. அன்றைக்கு அதைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை. அப்பாடா என்று மட்டும் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. பெரிய விசாரணை ஒன்றுமில்லை. ஒரு மேஜை, தலைவர், நான், சேட்டன், ஒரு தாள். எஞ்சினைப் பிரித்ததில் ரேடியேட்டர் குழாயின் பிடிவளையம் நழுவித் தண்ணீர் முழுக்க வெளியே போயிருந்தது தெரிந்திருந்தது. அந்த வளையத்தைக் கடைசியாக மாற்றியவர் சேட்டன். தலைவர் என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார், எஞ்சின் போவதற்கு முன் ஏதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்று.

சேட்டன் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இல்லை சார்” என்றேன்.

சேட்டன் துணியைக் கீழே வைத்துவிட்டு, “வளையம் நான் போட்டதுதான் சார். சரியா இறுக்காம விட்டிருக்கேன். சென்சாரும் வேலை செய்யலைன்னா அதையும் நான்தான் பார்த்திருக்கணும்” என்றார். தலைவர் எழுதினார். பராமரிப்பில் கவனக்குறைவு. சேட்டன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் கம்பெனிக்குப் போனால் அடுத்த அணியில் அவருக்கு இடமில்லை என்பது அந்த மேஜையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும், என்னிடம்தானே அவர் ஆசையைச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் இரண்டு சப்பாத்தி அதிகமாகச் சாப்பிட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. சீ என்று இப்போது சொல்கிறேன். அப்போது இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

மூன்று வாரம் அவர் என்னோடு பட்டறையில் இருந்தார். எந்த வண்டி எப்படி, எந்தப் பெட்டியில் எந்தச் சாமான், எந்தக் குளிரில் எதைத் தொடக்கூடாது என்று ஒன்று விடாமல் ஒப்படைத்தார். அந்த மூன்றாவது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் அணி புறப்பட்ட அன்று ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. எல்லோரும் வெளியே போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பட்டறையில் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஸ்பேனரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் எந்த வேலையும் பாக்கி இல்லை. ஹெலிகாப்டர் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அங்கே இருந்த ஒரு வருடமும் நான் யோக்கியன். ஒரு லைட் மினுக்கினால் வண்டியை நிறுத்தினேன். ஒயர் பக்கம் கை போகவில்லை. ‘இவர் கை பட்டா ஓடும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது வண்டி மட்டும் பட்டறை மூலையில் செத்துக் கிடந்தது. அந்த வண்டியை நம்பி மலைப்பக்கம் போக இருந்த பாறை ஆய்வாளர் ஒருவர் அந்த வருடம் போக முடியாமல் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம், “போன மெக்கானிக் இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டாரே” என்று அங்கலாய்த்தார். நான் உச்சுக் கொட்டினேன்.

இப்போது பள்ளிக்கூட மேடைக்கு வரலாம். பேச்சு முடிந்ததும் ஓர் ஆசிரியை, “சார், உயிருக்கு ஆபத்தான அனுபவம் ஏதாவது?” என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மூன்றாவது வண்டியின் கதையைச் சொன்னேன். காற்று, வெள்ளை, நடு வழியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, தனியாக நின்றது எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். “ஏன் சார் எஞ்சின் போச்சு?” என்று முன் வரிசையில் ஒரு பெண் கேட்டாள். “முன்னாடி இருந்தவங்க சரியா பராமரிக்கல பாப்பா” என்றேன். கைதட்டினார்கள். ஒரு மனுஷன் எத்தனை தடவை ஒரே ஆளைக் குழியில் தள்ளலாம் என்று ஒரு கணக்கு இருக்குமானால் நான் அதைத் தாண்டிவிட்டேன்.

என் மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வருகிறபோது காரில் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“ஏனுங்க, அந்த வண்டியில தண்ணி கொறஞ்சா லைட் எரியாதுங்களா? நம்ம காருக்கே எரியுதுங்களே.”

“உனக்கு என்ன தெரியும்? பேசாம வா” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் பேசாமல்தான் வந்தாள். நானே திருச்செங்கோட்டு ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தினேன். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், ரேடியோ, சப்பாத்தி, ஹெலிகாப்டர் வரைக்கும். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த மனுசரு நெம்பர் இருக்குதுங்களா?” என்றாள்.

“இருக்குது.”

“இத்தனை நாளு வெச்சிருந்தும் கூப்புடல.”

“கூப்பிட்டு என்னத்தைச் சொல்லட்டும்?”

“என்றகிட்டச் சொன்னதைச் சொல்லுங்க. காலையில என்ற முன்னாடியே கூப்புடோணும். இல்லாட்டி இந்தப் பொன்னாடையைக் கொண்டுபோயி அந்த இஸ்கோல்லயே குடுத்துப்போட்டு வந்துருவேன்” என்றாள்.

மறுநாள் காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் அவர் பட்டறையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் ஓடுகிற சத்தம். என் குரல் கேட்டதும், “தம்பியா! எப்ப வந்தே? உடம்பு நல்லாருக்கா?” என்று சந்தோஷமாகவே கேட்டார். நான் நலம் விசாரிக்கவில்லை. விசாரிக்க ஆரம்பித்தால் அப்படியே வைத்துவிடுவேன் என்று தெரியும். “சேட்டா, லைட் எரிஞ்சுதுங்க. நான் டைரக்ட் கொடுத்தேன். தலைவர்கிட்டப் பொய் சொன்னேன்” என்றேன்.

கிரைண்டர் சத்தம் நின்றது. “தெரியும்” என்றார்.

“நீங்கதான் பிரிச்சு மாட்டினீங்க, அதும் எனக்குத் தெரியுமுங்க. ஏன் சேட்டா? அப்படியே விட்டிருந்தா நான் மாட்டிக்கிட்டிருப்பேன். உங்களுக்கு அந்தத் தாள் வந்திருக்காது.”

“நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் பிரிச்சேன்” என்றார். “ஒரு வருஷம் அங்க இருக்கப் போறவன் நீ. குளிர்காலத்துல மெக்கானிக்கை நம்பித்தான் அத்தனை பேரும் படுப்பாங்க. மாட்டிக்கிட்ட மெக்கானிக்கை யாரும் நம்ப மாட்டாங்க. தானா வந்து சொன்னவனை நம்புவாங்க. அதான், நீயே சொல்லட்டும்னு பிரிச்சு வெச்சேன்.”

என்னைக் காப்பாற்றினார் என்றல்லவா ஒன்றரை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்! தப்பித்துக்கொள்ள அவரே வழி விட்டார், எனக்கென்ன, என்றுகூடச் சில நாள் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. என் மனைவி போனில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எங்களுக்கு அடுத்து வந்த அணியில் அவர் இல்லை; அதற்குப் பிறகாவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இப்போது வயது தாண்டிவிட்டது, இனி அந்தப் பேச்சே இல்லை என்றார். கம்பெனிக்கு உண்மையை எழுதுகிறேன் என்றேன். “எழுது” என்றார் சாதாரணமாக. “ஆனா வளையம் நழுவினது என் தப்புதான். அதையும் சேர்த்து எழுது. என்னைப் புண்ணியவான் ஆக்காதே.” எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. வந்தாலும் அவருக்கு இனிமேல் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

போனை வைக்கிறதுக்கு முன், எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் யார்மேல் என்று தெரியாமல் அவர்மேலேயே காட்டினேன். “நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சேட்டா. மூணு வாரம் கூடவே இருந்தீங்களே. ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு ஒரு தடவை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!”

“தினம் கேட்டேனே தம்பி” என்றார்.

கேட்டார். தினமும் வேலை முடிந்து, மண்ணெண்ணெயில் கை கழுவி, துணியில் துடைத்துக்கொண்டே, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்பார். நான் தினமும், “ஒண்ணுமில்லீங்க சேட்டா” என்பேன். வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன் என்று எழுதக் கை வருகிறது. இல்லை. என்ன கேட்கிறார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் இருபது நாளும் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.